உறங்கிய ராசகுமாரிக்கு நான் வைத்த கண்

ஐம்பதுகளில் ஓர் ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலில் பொருட்காட்சி போட்டார்கள். அதில் மாயக்கோட்டை என்று ஒன்று. மூங்கிலும் சாக்கும் காகிதமும்தான் கோட்டை. உள்ளே ராட்சசன், பேசும் கிளி, கடைசி அறையில் உறங்கும் ராசகுமாரி. நாடகத் திரை எழுதிக்கொண்டிருந்த நான் சுவருக்கு வர்ணம் தீட்டினேன். பொம்மைகள் என் சிநேகிதன் செய்தவை.

ராசகுமாரியைத்தான் அவன் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தான். கதையில் வருகிறபடி தலைமாட்டில் வெள்ளிப் பிரம்பு, கால்மாட்டில் தங்கப் பிரம்பு. இரண்டையும் மாற்றி வைத்தால் விழித்துக்கொள்வாள். உடம்புக்குள் கால்பந்துக்குள் வைக்கிற ரப்பர் பிளாடர் ஒன்று. திரைக்குப் பின்னாலிருந்து துருத்தியால் ஊதினால் மார்பு ஏறி இறங்கும். மூடிய அந்த இமைகளைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. என் கைக்கு அந்த உறக்கம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இரண்டாம் நாள் பிளாடர் கிழிந்து மூச்சு நின்றது. புதியது வாங்க அவன் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினான். "வார வரைக்கும் இவளைக் கொஞ்சம் பார்த்துக்கிடும், வே" என்றான். "பார்த்துக்கிடுதேன்" என்றேன்.

அசையாமல் கிடந்தவளைப் பார்த்து ஓர் அம்மாள், "யாரு பெத்த பிள்ளையோ" என்று மாரில் அடித்துக்கொண்டாள். காண்டிராக்டர் ஓடி வந்தார். "கோயில் விசேஷத்துல பொணத்தையா கிடத்தி வச்சிருக்கீரு? கண்ணைத் திறந்து விடும், வே."

செய்தவன்தான் கண் திறக்க வேண்டும். அது எங்கள் தொழிலில் யாரும் மீறாத வழக்கம். அவன் சாயங்காலம் வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காண்டிராக்டருக்குப் பயந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமாவது ஒன்றாவது. பொறாமை. இமைமேல் வெள்ளை பூசி, கருவிழி வைத்தேன். நன்றாகவே வந்து தொலைத்தது. "என்னா முழி" என்று கூட்டம் சொக்கியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் பிளாடரோடு வந்தவன் பார்த்தபடி நின்றான். காண்டிராக்டர் தலையில் பழியைப் போட்டு ஏதேதோ சொன்னேன்.

"அழிச்சிரலாம், வே" என்றேன்.

"எண்ணெய் வர்ணம். சுரண்டினா இமையும் சேர்ந்து வந்துரும்."

குனிந்து பிரம்புகளை இடம் மாற்றி வைத்தான். நான் வைத்த கண் முழித்தபடி இருந்தது.

"பிரம்பை மாத்தாமலே எழுப்பிட்டீரு. இனி மாத்தினாலும் உறங்க மாட்டா" என்றான். பிளாடரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அதன்பிறகு அவன் என்னோடு வேலைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க நானும் அவன் வீடு தேடிப் போகவில்லை.

அன்று நானே பிளாடரை உள்ளே வைத்து ஊதினேன். மார்பு ஏறி இறங்கியது. கண் திறந்திருந்ததால் அது உறக்கமாகத் தெரியவில்லை. சாகப் போகிறவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதுபோல் இருந்தது.