கடைசி மேசை பர்வீனும் ஒரு ஜோடிக் கால்களும்

"கையத் திருப்புங்க" என்றுதான் பர்வீன் ஆரம்பிப்பார். யார் பழைய படம் கொண்டுவந்தாலும் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை. வந்தவரின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி, முன்னங்கையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். கறுப்பு வெள்ளைத் தாத்தாவுக்கான நிறம் அந்தக் கையிலிருந்துதான் போகும்.

"போன்ல ஒரு அமுக்கு அமுக்குனா கலர் வருது, இல்லேங்கல. ஆனா எஸ்டேட் வெயில்ல முப்பது வருசம் நின்ன மனுசன, பவுடர் பூசி உக்கார வெச்சிடுது. பேரன் கையில இருக்குற கலரு பொய் சொல்லாது லா."

மலேசியாவில், கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய அத்தா அப்துல் மஜீதின் சாப்பாட்டுக் கடை. அதில் கடைசி மேசை பர்வீனுடையது. ஒரு பக்கம் ஐஸ் பெட்டி, மறுபக்கம் கை கழுவும் தொட்டி. நடுவே மடிக்கணினி, ஸ்கேனர், படத்தில் தூசி தட்ட ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். வயது நாற்பத்தொன்று. விளம்பரப் பலகை கிடையாது. ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து படத்தை எடுப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கறார். "கையக் கழுவிட்டு வாங்கண்ணே. கொழம்பையெல்லாம் எடிட் பண்ண முடியாது."

வேலையில் இறங்கிவிட்டால் பக்கத்தில் வைத்த தேநீர் அப்படியே ஆறும். கல்லாவிலிருந்து அத்தா குரல் கொடுப்பார்: "ரெண்டு டீ ஆறிப்போச்சு. மூணாவத உன்கிட்ட வைக்கவா, நேரா ஐஸ் பெட்டியில வைக்கவா?"

நிறங்களைத் திரையில் தேட மாட்டார் என்பதுதான், தினமும் அங்கே டீ குடிக்கும் எனக்கு மிகவும் பிடித்தது. மல்லிகைச் சரமா, கடைக்குப் போய் ஒரு முழம் வாங்கி வந்து படம் எடுப்பார். பித்தளைக் குடமா, யார் வீட்டுப் பூசை அறையிலாவது ஒன்று இருக்கும். சேலை நிறம் தெரியவில்லை என்றால், தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்கும் வரை அந்தச் சேலை சாம்பல் நிறமாகவே காத்திருக்கும்.

தவறும் செய்திருக்கிறார். தொழில் தொடங்கிய புதிதில், கீறலைத் தானாகத் துடைக்கும் கருவியை ஒரு பெரியவரின் படத்தில் ஓட விட்டாராம். கீறலோடு நெற்றியில் இருந்த மூன்று திருநீற்றுப் பட்டைகளும் போய்விட்டன. சுங்கை பஞ்சாங் ஊரிலிருந்து அந்தப் பெரியவரின் மகன் படத்தோடு திரும்பி வந்தார். "எங்கப்பாவப் பட்ட இல்லாம எங்கம்மாவே பாத்ததில்ல, தங்கச்சி." அன்று முதல் நெற்றியில் கருவியை ஓட விடாமல் கையால்தான் துடைப்பார்.

ஆனால் நெற்றி மட்டுமே பாடம் இல்லை என்பது தனேஸ்வரியின் கல்யாணத்துக்கான படத்தில்தான் தெரிந்தது.

தனேஸ்வரி புக்கிட் பெருந்துங் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அப்பா பாலன், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். மகளுக்கு மூன்று வயதானபோது இறந்துபோனார். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, அம்மா அன்பரசியோடும் பெரியப்பா உடையப்பனோடும் கடைசி மேசைக்கு வந்தார். தாலி கட்டுவதற்கு முன் பெற்றோருக்குப் பாத பூசை செய்ய வேண்டும். பாலால் கால் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட வேண்டும். தன் அம்மாவும் அப்பாவும்தான் அதற்கு நிற்க வேண்டும் என்பது தனேஸ்வரியின் பிடிவாதம்.

உடையப்பனுக்கு அது சரிப்படவில்லை. "ஜோடியாத்தான் வாங்கிக்கணும். நானும் பெரியம்மாவும் உக்காந்துக்கிறோம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது. இருக்குறது ஒரே ஒரு ஐசி படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. கழுத்தோட நிக்குது. கால் இல்லாத படத்துக்கு எங்கேருந்து பாத பூச?"

"கால் இருக்கு பெரியப்பா" என்று தனேஸ்வரி இன்னொரு படத்தை வைத்தார். தீமிதி முடிந்து, பாலனையும் சேர்த்து ஆறு பேர் வரிசையாக நின்ற படம். வெள்ளத்தில் நனைந்து, மேல் பாதி கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம், நெஞ்சுக்குக் கீழே ஆறு உடம்புகள், ஆறு ஜோடி வெறும் கால்கள். எல்லாம் சிவப்பேறி, பூஞ்சைப் புள்ளிகளோடு.

பர்வீன் அதை ஸ்கேன் செய்தார். சிவப்பை எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினார். புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். இரண்டு மணி நேரம். பிறகு திரையை அன்பரசி பக்கம் திருப்பினார். "அக்கா, இதுல உங்க வீட்டுக்காரர் யாரு?"

அன்பரசி பார்த்தார். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை. மறுபடியும் கடைசியிலிருந்து. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை. "தெரியலையே, தாயி."

தனேஸ்வரி எழுந்துபோய்த் தொட்டியில் முகம் கழுவினார். உடையப்பன் மெதுவாகச் சொன்னார்: "விட்டுடும்மா. நாங்க உக்காந்துக்கிறோம்."

பர்வீன் துடைக்காத பழைய ஸ்கேனைத் திறந்தார், சிவப்பும் பூஞ்சையுமாக. அன்பரசியின் விரல் நேராக மூன்றாவது ஆளின் காலுக்குப் போனது. "இந்தா இருக்காரு. இந்தக் கட்டவெரல். செம்பனக் கொல விழுந்து நகம் கறுத்துப்போச்சு, கடைசி வரைக்கும் அப்படியேதான். நான்தான் மருந்து போட்டேன்."

கறுத்த நகத்தையும் பூஞ்சை என்று துடைத்திருந்தார் பர்வீன். "அழுக்கோட சேத்து ஆளையும் தொடச்சிட்டேன் லா" என்று தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன், பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். தனேஸ்வரி மட்டும் அந்த நகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

முகம் கிடைத்தது, கால் கிடைத்தது. நடுவில் தோள் இல்லை. பர்வீன் உடையப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, சட்டையக் கழட்டுங்க."

"என்னாது?"

"கூடப் பொறந்தவர் தோள் எங்கயும் போயிடாது. சட்டையக் கழட்டிட்டு ஐஸ் பெட்டிகிட்ட நில்லுங்க."

அறுபத்தாறு வயது உடையப்பன், சாப்பிட வந்தவர்கள் பார்க்க, சட்டையைக் கழற்றி நின்றார். "மாஸ்டர், அண்ணனுக்குச் சூடா ஒரு டீ. பனி அடிக்குது பாரு" என்றார் அத்தா. படம் எடுத்து முடிந்தபின், அதுவரை யாரும் கேட்காத ஒன்றை உடையப்பனே சொன்னார்: "அவனுக்கு எடத்தோள் கொஞ்சம் எறங்கி இருக்கும். கொல தூக்குன தோளு." பர்வீன் இடது தோளை இறக்கினார்.

வேட்டி வெள்ளையாக வந்தபோது அன்பரசி தடுத்தார். "தீமிதிக்கு மஞ்சத் துணிதான் தாயி." சமையல்கட்டிலிருந்து மஞ்சள் தூள் வந்தது. வெள்ளைத் துண்டு ஒன்று அதில் நனைந்து, பிழிந்து, ஜன்னலில் காய்ந்தது. அந்த மஞ்சள்தான் பாலனின் வேட்டிக்குப் போனது. தோலின் நிறம் தனேஸ்வரியின் கையிலிருந்து. பால் ஊற்றினால் ஊறிப்போகக் கூடாதே என்று, பேனர் அடிக்கும் பிளாஸ்டிக் துணியில் ஆளுயரத்துக்கு அச்சடித்துப் பலகையில் ஒட்ட வைத்தார். கால் நகம் ஒன்று கறுப்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலை, சபாக் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அந்தப் படத்தை வேறு யாரையும் தொட விடாமல் உடையப்பனே தூக்கி வந்தார். "வழி விடுங்க. தம்பி வர்றான்." நாற்காலிகளும் ஆட்களும் ஒதுங்கினார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். விருந்துக்குப் போயிருந்த என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. அன்பரசிக்குப் பக்கத்தில், தாம்பாளத்தில் கால் படும்படி, பாலன் நின்றார். இருபத்தாறு வருடம் கழித்து, மகள் கல்யாணத்தில், முழு ஆளாக.

தனேஸ்வரி பால் செம்பை எடுத்தபோது மின்விசிறிக் காற்றில் பலகை முன்னால் சாய்ந்தது. முழுக்கை வைத்த புது நீல பாஜு குரோங் உடையில் விருந்துக்கு வந்திருந்த பர்வீன் மூன்றாவது வரிசையிலிருந்து ஓடிப்போய், பலகைக்குப் பின்னால் மண்டியிட்டு, அடிப்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அக்கா, முக்காடு தெரியுது" என்றார் படம் எடுப்பவர். பர்வீன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

பால் விழுந்தது. கறுத்த நகத்தில் வழிந்து, பாதத்தின் இரு பக்கமும் தெரிந்த பர்வீனின் விரல்களில் வழிந்து, சட்டைக் கைக்குள் இறங்கியது. பூசை முடியும் வரை அந்த விரல்கள் அசையவில்லை.