படுத்தபடி வருபவர்களுக்கு இடமில்லை

கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பதினோரு வருடமாக விமான டிக்கெட் பதிவு செய்யும் கடை வைத்திருக்கிறேன். வருசநாடு, கோம்பை, மயிலாடும்பாறை என்று பல ஊர்களிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள். மதுரையிலிருந்து அங்கே இரண்டு நிறுவனங்கள் விமானம் விட்டுக்கொண்டிருந்தன. ஒன்று பழையது, சாப்பாடு தரும், பெட்டிக்கும் தாராளமாக எடை விடும். இன்னொன்று மலிவு விமானம்; தண்ணீர் பாட்டிலுக்கும் காசு கேட்கும். ஆனால் டிக்கெட் விலை பாதிதான். ஜனங்கள் எதைக் கேட்பார்கள்? நானும் அதையே எடுத்துக் கொடுத்தேன். பழைய விமானத்தில் காலியாகக் கிடந்த இருக்கைகளில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் நான் யோக்கியமில்லை.

போன வருடம் பழைய நிறுவனம் மாதக் கடைசியோடு மதுரையை விட்டுப் போவதாக அறிவித்தது. அதன் நேரத்தையும் தாங்களே எடுத்துக்கொண்டு தினமும் இரண்டு விமானம் விடப்போவதாக மலிவு நிறுவனத்தார் சொன்னார்கள். அவர்களுடைய மேலாளர் லட்டுப் பெட்டியோடு என் கடைக்கே வந்தார்.

“இனி டெய்லி ரெண்டு ஃப்ளைட் மேடம். உங்களுக்குத்தான் பிசினஸ்.”

நான் லட்டை வாங்கிச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம், வளைகுடாவில் ஏசி குழாய் மாட்டும் வேலையில் இருந்த என் தம்பி சாரத்திலிருந்து விழுந்தான். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆபரேஷன் முடிந்ததும், படுக்க வைத்து, கூடவே ஒரு நர்ஸோடு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

அதற்கு வழி எனக்குத் தெரியும். பழைய நிறுவனம் பின்வரிசை இருக்கைகளை மடக்கி, மேலே ஸ்ட்ரெச்சர் போட்டுக் கொண்டுவரும். இந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேருக்கு நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். உடனே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டேன். டாக்டர் சான்றிதழ் வந்தால் கடைசி விமானத்திலாவது ஏற்றிவிடலாம் என்றார்கள். தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை. கடைசி விமானம் போய் நான்கு நாள் கழித்துத்தான் சான்றிதழ் கைக்கு வந்தது.

லட்டு கொடுத்த மேலாளரைக் கூப்பிட்டுத் தம்பிக்காகக் கேட்டேன்.

“ஸ்ட்ரெச்சரா? நாங்க எடுக்கறதில்ல மேடம். உக்கார முடிஞ்சா வீல்சேர் உண்டு.”

“உக்கார முடிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட கேக்கப்போறேன்?”

“பாலிசி மேடம்.”

மதுரைக்குத் தினமும் இரண்டு விமானம் வந்தது. என் தம்பியோ வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் கொச்சியில் இறங்கினான். நான்தான் கொச்சிக்குப் போய், அங்கேயே ஆம்புலன்ஸ் பிடித்து அழைத்துவந்தேன். மதுரையிலிருந்து கம்பத்துக்குச் சமவெளிச் சாலை. கொச்சியிலிருந்தோ மலை ஏறி, குமுளி வந்து, மறுபடி லோயர் கேம்ப் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பெல்ட் போட்டுக் கட்டியிருந்தும் ஒவ்வொரு வளைவிலும் அவன் உடம்பு ஒருபக்கமாகச் சரிந்தது. இடுப்புக்குக் கீழேதான் வலி தெரியாது. மேலே எல்லாம் தெரியும். துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

“பேடிக்கண்டா சேச்சி, பதுக்கெ போகாம்” என்று, பயப்பட வேண்டாம், மெதுவாகவே போகலாம் என மலையாளத்தில் சொன்னார் டிரைவர். பாவம், அந்த மனிதர் மெதுவாகத்தான் ஓட்டினார்.

“அக்கா, இன்னும் எத்தன வளைவு இருக்கு?”

“ரெண்டுடா” என்றேன். எத்தனை என்று எனக்குத் தெரியாது.

வீடு வந்து புரட்டிப் பார்த்தால் முதுகில் படுக்கைப் புண் உடைந்து பெட்ஷீட் நனைந்திருந்தது. அது ஆற மூன்று மாதம் ஆனது. வீடு வந்து சேரும்வரை எனக்கு வந்தது அழுகைதான். அந்தப் புண்ணைப் பார்த்த நிமிடத்திலிருந்து கோபம்.

புண் பாதி ஆறியிருந்த நேரத்தில், மலிவு நிறுவனத்துக்குத் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வியாபாரிகள் பாராட்டு விழா எடுத்தார்கள். டிக்கெட் ஏஜெண்ட் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. மேடையில் மேலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விழாவை நடத்திய ஏலக்காய் வியாபாரி பேசினார்.

“பழைய கம்பெனிக்காரக போனாக. இவுக வந்தாக. நம்ம மாவட்டத்துக்கு நல்ல காலம்தான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். என்ன பேசுவது என்று யோசித்து வரவில்லை.

“தெனமும் ரெண்டு விமானம் விடுறீக. படுத்துக்கிட்டு வர ஒரு ஆளுக்கு அதுல இடமில்ல. சாரத்துல ஏறி வேல பாக்க எங்க ஆளுகள ஏத்திக்கிட்டுப் போறீக. விழுந்துட்டா கொண்டாந்து சேக்க மாட்டீக. இதுக்கா பொன்னாடை?”

“ஆத்தா, இது பாராட்டு விழா. உக்காரு” என்றார் வியாபாரி. நான் உட்காரவில்லை. சாப்பாடு தயார் என்று மைக்கில் சொன்னார்கள். நாற்காலிகளை இழுத்துக்கொண்டு சபையே எழுந்து பந்திக்குப் போனது.

கை கழுவும் இடத்தில் ஒரு பெரிய மனிதர் மெல்லச் சொன்னார்: “நீங்க கேட்டது நியாயந்தான். ஆனா சபையில கேட்டுருக்க வேணாம்.”

மேலாளர் மீது வந்ததைவிட அவர் மீதுதான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. நியாயம் என்று தெரிந்தவர் மண்டபத்துக்குள் வாயைத் திறந்தாரா?

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீ கத்துனா அவுக மாறிருவாகளா? போறவனுக்கு மொதல்லயே தெரியணும்ல. எனக்குத் தெரியுமா? உனக்கே தெரியல. அத எழுதிக் கடையில மாட்டு.”

அவனே சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘இந்த மலிவு விமானத்தில் படுத்தபடி வருபவர்களுக்கு இடமில்லை. தெரிந்துகொண்டு டிக்கெட் எடுக்கவும்.’ பலகையில் பெரிய எழுத்தில் அடித்து வாசலில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். “போர்டை எடுத்துடுங்க மேடம்.”

“பொய்யா எழுதிருக்கு?”

“பொய்யில்ல. ஆனா நெகட்டிவா இருக்கு. உங்க ஏஜெண்ட் ஐடியைக் கட் பண்ண வேண்டி வரும்.”

“பண்ணுங்க.”

இன்றுவரை பண்ணவில்லை. காரணம் எனக்குத் தெரியும்: ஜனங்கள் பலகையைப் படித்துவிட்டும் அந்த டிக்கெட்டைத்தான் கேட்கிறார்கள். மதுரையிலிருந்து போக வேறு விமானம் இல்லையே. போன வாரம் மயிலாடும்பாறையிலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். படித்துவிட்டுக் கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“விழுந்தா எப்பிடிக்கா கூட்டியாருவாக?” என்று என்னைக் கேட்டாள்.

“கொச்சி வழியா.”

“நான் ஏன் விழப்போறேன்?” என்றான் அவன். டிக்கெட்டை அச்சடித்துக் கொடுத்தேன். அன்று முழுக்க யாரிடமும் நல்லபடியாக ஒரு வார்த்தை பேச என்னால் முடியவில்லை.

தம்பி இப்போது சாய்மானம் வைத்தால் ஒரு மணி நேரம் உட்காருகிறான். கடைக்கு வரும் போன்களை அவனே எடுக்கிறான். முந்தாநாள் வேறு வேலையாகப் பேசிய மேலாளர், யார் போனை எடுத்தது என்று கேட்டார். அன்று ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரக் கேட்ட என் தம்பிதான், இப்போது உட்காருகிறான் என்று சொன்னேன். அவர் குரலில் உண்மையிலேயே மகிழ்ச்சி இருந்தது.

“அவரா? உக்காருறாரா? சூப்பர் மேடம். அப்போ இனிமே எங்க ஃப்ளைட்லயே போகலாமே.”