ஆத்தா விளையாடிய வீடு

சைகோனில் வளர்ந்த நான் காரைக்காலுக்கு வந்து, புயலுக்குப் பின் நோய் பரவாமல் தடுக்கும் தாதிப் பயிற்சியில் சேர்ந்தேன். பாடமெல்லாம் பிரெஞ்சில். சேர்ந்தவுடன் எங்கள் எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டார்கள்.

சில மாதங்களில் ஒரு புயல் அடித்து ஓய்ந்தது. கிளிஞ்சல்மேட்டில் வீடு வீடாக விசாரிக்கப் போனோம். கடல் பால்போல் அடங்கிக் கிடந்தது. ஒரு குடிசை வாசலில் வேப்பிலைக் கொத்து மெல்ல அசைந்தது. திருவிழாத் தோரணம் என்று நினைத்தேன்.

"அப்புறமா வாங்கம்மா. உள்ள புள்ளகிட்ட ஆத்தா வெளையாடுறாங்க" என்றாள் வாசலில் நின்ற பெண்.

தாயும் பிள்ளையும் கொஞ்சும் காட்சி கண்ணுக்குள் விரிந்தது. பார்க்கும் ஆசையில் உள்ளே போய்விட்டேன். மஞ்சள் மணக்கும் அரையிருட்டில், வாழையிலைமேல் பிள்ளை மட்டும் தனியாகப் படுத்திருந்தது. முகமெல்லாம் முத்து முத்தாக வியர்வை. துடைக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க! அது வேர்வை இல்ல, வைசூரி!" என்று பின்னாலிருந்து எங்கள் தலைமைத் தாதி அலறினார்.

அன்றே தெரு முழுவதும் அம்மை குத்தினோம். பிள்ளை பிழைத்தது. என்னைக் காத்தது என் கைத் தழும்பு. நோயின் பிரெஞ்சுப் பெயர் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஊர் வைத்த பெயர்தான் தெரியவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் ஆத்தா வந்திருப்பதாகச் சொன்னாலும், "எந்த ஆத்தாங்க?" என்று வாசலிலேயே கேட்டுவிடுகிறேன்.