சித்தூரில் நான் பேசிய தெலுங்கு

சித்தூர் ஆந்திராவோடு போனபிறகு, அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கையை நான் பார்க்கவேயில்லை. எல்லைப் பேச்சு பத்திரிகையில் தினம் அடிபடவே, திருப்பதி காணிக்கையைச் சாக்கிட்டு இந்தத் தையில் கும்பகோணத்திலிருந்து கிளம்பினேன். நடந்ததை எழுதவே கூசுகிறது.

தங்கை வீட்டுத் தெருவில் குழாய் கிடையாது. அன்று காலை அவள் குடத்தோடு அடுத்த தெருக் கிணற்றுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். வாசலில் நான் மட்டும் இருந்தபோது வார்டு கவுன்சிலர் வந்தார். தெலுங்கர். பஸ் ஸ்டாண்டுக்கு அலங்கார வளைவு கட்டவேண்டுமென்று மற்ற கவுன்சிலர்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். “வளைவைப் பார்த்தா தாகம் தீருமா? முதல்ல நீளு, அப்புறம்தான் சோக்கு” என்று இரண்டு பாஷையும் கலந்து சொன்னார். இருக்கிற நிதி இரண்டு தெருக் குழாய்க்குத்தான் காணும். பாக்கி நிற்பதோ மூன்று தெரு. பிறகு கேட்டார்: “மீ வீதிகி குளாயி அவசரமா?”

எல்லாம் புரிந்துவிட்டது என்ற பெருமை எனக்கு. நல்ல மனிதரை அவசரப்படுத்துவானேன் என்று, “அவசரம் இல்லீங்க” என்றேன். அவர் திகைத்துப்போய், “அவசரம் லேதா?” என்றார். கைவசமிருந்த ஒரே தெலுங்கை எடுத்துவிட்டேன்: “லேது, லேது!”

கவுன்சிலரிடம் நயமாகப் பேசி அனுப்பிவிட்டேன் என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். மறுநாளே மற்ற இரண்டு தெருவுக்கும் குழாய் முடிவாகிவிட்டது. “தமிழ்த் தெருன்னு ஒதுக்கிட்டான் பாரு மச்சான்” என்று மாப்பிள்ளை கொதித்தார். நானும் சேர்ந்து கவுன்சிலரைத் திட்டித் தீர்த்தேன்.

அங்கிருந்து திருப்பதி நாற்பத்துச் சொச்சம் மைல். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், பின்னால் தூக்கிப்போடும். சத்திரத்தில் மணியக்காரர், “கதி அவசரமா?” என்றார். கதி என்றால் அறை, அது தெரியும். “அவசரம் இல்லை, மெதுவாகக் கொடுங்கள்” என்றேன். சாவி எனக்குப் பின்னால் நின்றவர் கைக்குப் போய்விட்டது. பக்கத்திலிருந்த நகரி ஊர்க்காரர் சிரித்தார்: “அய்யே, ரூமு வேணாம்னுட்டியே சாமி! தெலுங்குல அவசரம்னா தேவை.”

கவுன்சிலர் கேட்டதும் இதே வார்த்தைதானே! மலை எதிரே நிற்கிறது. எந்த முகத்தோடு ஏறுவது? அடுத்த பஸ்ஸில் சித்தூருக்கே திரும்பினேன்.

போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை, “அப்போ நம்ம வீட்டாண்ட வந்து கேட்டுக்கினுதான் போயிருக்காரு. காலைல அவரைப் பார்த்து மூஞ்சைத் திருப்பிக்கினு வந்தேனே” என்றார். இரண்டு பேரும் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினோம். அவர் கோபிக்கக்கூட இல்லை. தீர்மானம் ஆகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘அவசரமா’ என்று யாராவது கேட்டால், வேண்டும், வேண்டாம் என்று பச்சையாகச் சொல்லிவிடுங்கள். மரியாதையெல்லாம் பிறகு.

வீடு திரும்பியதும் தங்கை, “பஸ்ஸு தூசியோட நிக்கிறியே, குளிக்கத் தண்ணி கொண்டாரேண்ணா” என்றாள்.

“வேண்டாம்மா” என்றேன். அதற்குள் குடத்தோடு தெருமுனை தாண்டிவிட்டாள்.