பட்டுப் புடவையில் ஒரு படம்

சிதம்பரத்துத் திருமண மண்டபம் ஒன்றில் புகைப்பட விழா நடக்கிறது. கண்காட்சிக்குரிய படங்களைத் தேர்ந்தெடுக்க நான் வந்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்துச் செல்வி தன் அத்தையின் இரண்டு படங்களை என்முன் வைக்கிறாள். ஒன்றில் அத்தை கிழிந்த புடவையில் மீன் அரிகிறார். ஒளி அபாரமாக விழுந்திருக்கிறது. மற்றதில் பட்டுப் புடவையுடன் ஃபிரிட்ஜ் அருகே விறைப்பாக நிற்கிறார்.

“முதல் படம்தான். அத்தை பார்த்தாரா?”

“ஐயோ, காட்டல சார். ‘இருடி, பொடவ மாத்திக்கினு வரேன்’னாங்க; அதுக்குள்ள எடுத்துட்டேன். பட்டுப் பொடவப் படந்தான் மாட்டப் போறாங்கன்னு தெருவையே கூட்டிக்கினு வராங்க.”

முதல் படத்தை மாட்டினால் அத்தை தெருவார்முன் கூசிப்போவார். மற்றது எவரும் எடுக்கக்கூடிய படம். அதைக் கொண்டு செல்விக்குக் கண்காட்சியில் இடம் கிடைக்காது. எது நியாயம் என்று எனக்குப் புலப்படவில்லை. செல்வி என் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள். பட்டுப் புடவைப் படத்திலிருந்து அத்தையும் என்னையே பார்க்கிறார்.