இங்-டூ சாரின் குடும்பம்

பயிற்சி நிலையத்தில் எனக்கும் அவருக்கும் நடுவே இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன், அந்தப் பக்கம் அவர் ஆங்கிலம். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் தடுப்புக்கு வாயும் இருந்தது. அவர் வகுப்பில் ஒருவர் கொட்டாவி விட்டால் என் வகுப்பில் இன்னொருவருக்கு வரும். இப்படித்தான் விசைகள் தட்டும் சத்தத்துக்கு நடுவே, பல வருடங்களாக அவருடைய குடும்பத்தோடு நானும் சேர்ந்து குடித்தனம் நடத்தினேன்.

இங்-டூ சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால், சில இடங்களில் அது ‘இங்’ என்று வாலை நீட்டிக்கொண்டு வரும், சில இடங்களில் ‘டூ’ என்று ஒரு ஆளை முன்னால் அனுப்பிவிட்டு வரும். எங்கே எது என்பதற்கு உருப்படியான விதி கிடையாது. பட்டம் வாங்கியவர்களே தடுக்கி விழுகிற இடம் அது. மற்ற வாத்தியார்கள் ஒரே மாலையில் தாண்டிவிடும் இந்தப் பாடத்தில் அவர் வாரக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

“என்ஜாய்க்கு அப்புறம் மட்டும் ஏன் சார் இங்?” என்று யாராவது கேட்பார்கள்.

“உங்க மாமியார் ஏன் டீயில சக்கரை போட்டுக்க மாட்டேங்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்களா? அது அவங்க பழக்கம். இது இதோட பழக்கம். கூட இருந்து பழகிக்க வேண்டியதுதான்” என்பார்.

பழகிக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். புத்தகத்து வாக்கியம் அவர் வகுப்பில் செல்லாது. ‘பையனுக்குப் பந்து விளையாடப் பிடிக்கும்’ என்று யாராவது ஒப்பித்தால் உடனே தடுப்பைத் தாண்டி அவர் குரல் வரும். “யாரு அது? எந்த வீடு?” ஒப்பித்தவர் விழிப்பார். “ஊர் பேர் தெரியாதவனப் பத்திச் சொன்னா நாளைக்கே மறந்துடும். உங்க வீட்டுல நடக்கிறதச் சொல்லுங்க. உண்மையா இருக்கணும். அப்பதான் மண்டையில நிக்கும்.”

வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள். வெளியூர் வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அவர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை இருந்தது. முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு கொட்டுவார்கள். மாமனாரால் குறட்டையை நிறுத்த முடியவில்லை, தம்பி கடை வைக்க ஆசைப்படுகிறான், புருஷன் பாத்திரம் கழுவ ஒத்துக்கொண்டான் என்று அரைகுறை ஆங்கிலத்தில் வீடு வீடாகக் கதவு திறக்கும். ஒரு நாள் ஒரு வங்கியின் செக்யூரிட்டி எழுந்து, தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டதாக ஒரு வாக்கியம் சொன்னார். இலக்கணம் சுத்தமாக இருந்தது. வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இவ்வளவு வீடுகளுக்குள் போய் வந்த மனிதருக்குச் சொந்த வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. இது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் குடியிருந்தது என் தங்கை வீட்டு மாடி அறையில். அப்பா படுக்கையில் விழுந்தார், இவர் பார்த்துக்கொண்டார். கூடப் பிறந்தவர்களுக்குக் கல்யாணம், இவர் ஓடியாடினார். தன் கல்யாணத்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தபோது எடுத்துச் செய்துவைக்க ஆளே இல்லை. அண்ணனும் தங்கைகளும் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். போன் செய்தால் நலம் விசாரிப்பார்கள், செய்யாவிட்டால் அதுவும் இல்லை.

ஆரம்ப நாட்களில் ஒரு மாணவி கேட்டாள், “நாங்க எல்லாம் சொல்லிட்டோம். உங்க வீட்டு வாக்கியம் ஒண்ணு சொல்லுங்க சார்.” அந்தப் பக்கம் சாக்பீஸ் நின்றது. பிறகு அவர் சொன்னார், தன் மனைவிக்குச் செடி வளர்ப்பதில் கொள்ளை ஆசை என்று. நான் இந்தப் பக்கம் தட்டச்சுத் தேர்வுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடிகாரத்தை விட்டுவிட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டார், அப்புறம் எடுக்கவில்லை. அந்த இல்லாத மனைவிக்குக் காத்திருப்பது பிடிக்காது, எனக்கும்தான். மகன் காலையில் எழுந்திருக்க மறுத்தான். மகள் நடக்கக் கற்றுக்கொண்டாள், பிறகு சைக்கிள் விடக் கற்றுக்கொண்டாள், பிறகு மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காமல் அழுதாள். மாணவர்கள் மாறினார்கள், அந்தக் குடும்பம் மட்டும் வருஷத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே வந்தது. அந்தச் சோம்பேறிப் பையன் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு.

“பையன் இன்னிக்காவது எழுந்தானா சார்?” என்று ஒரு முறை மாடிப்படியில் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். “எழுந்துட்டான் டீச்சர். திட்டினப்புறம்தான்” என்று சிரித்தார். அதற்குமேல் நானும் தோண்டவில்லை. யார் குடி முழுகிப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

வினை அந்தச் செக்யூரிட்டி படித்த வருடம் வந்தது. தன் மகள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டாள் என்று ஒரு மாலை அவர் வாக்கியம் சொன்னார். வகுப்பே கை தட்டியது. ஒரு தையல்காரப் பெண் எழுந்து, “உங்க பொண்ணுக்கு நான் ஒரு டிரஸ் தைச்சுத் தரேன் சார். அளவு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

“உன் உயரம்தாம்மா இருப்பா” என்றார் அவர். குரலில் அவ்வளவு சந்தோஷம். பாவி மனுஷன், அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

துணி தைத்து முடித்ததும் மாணவர்கள் அவர்களாகவே கூடிப் பேசி, நிலைய அலுவலகத்தில் அவர் முகவரியை வாங்கிவிட்டார்கள். தடுப்பு வழியாக எனக்குத் தெரிந்தது. வகுப்பு விட்டதும் அவரைப் படியில் பிடித்தேன்.

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வராங்களாம் சார்.”

“எதுக்கு?”

“எதுக்கா? பொண்ணப் பார்க்க.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்க. அடுத்த மாசம் கல்யாணத்துக்குக் கூப்பிடலன்னு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவீங்க?”

கொஞ்ச நேரம் கைப்பிடிக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சா வர மாட்டாங்க டீச்சர். வந்தாலும் அப்புறம் எதுவும் சொல்ல மாட்டாங்க. சாயங்காலம் அவங்க சொல்றதக் கேட்டாதான் எனக்கு ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், “உங்க தங்கச்சி வீட்டுல டம்ளர் கிடைக்குமா? என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை டம்ளர்களை நானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் ஒரு அடுப்பு, கொடியில் ஒரு துண்டு. அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி, நன்றாகத் தழைத்திருந்தது. அதை எப்போது வாங்கினார், யாருக்குப் பிடிக்கும் என்று வாங்கினார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

தையல்காரப் பெண் பொட்டலத்தோடு முதலில் வந்தாள். அவள் பின்னால் மூன்று நான்கு பேர். கடைசியாக செக்யூரிட்டி, ஒரு கிழவியின் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டு வந்தார்.

“எங்கம்மா சார்” என்றார்.

சார் தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். “வாங்க, வாங்க. வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க...”

“அதனால என்ன தம்பி” என்று அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். “எப்ப வருவாங்கன்னு சொல்லுங்க, அன்னிக்கு மறுபடியும் வரேன். உங்க வீட்டம்மாவப் பார்க்காம விட மாட்டேன். அவங்களாலதான் என் பிள்ள என்கிட்ட வந்தான்.”

எனக்கு அது நினைவுக்கு வந்தது. செக்யூரிட்டி தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன அன்று, அந்த மௌனத்தை உடைக்க சார் தன் வீட்டிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். மகன் கோபித்துக்கொண்டு போயிருந்த மாதங்களில், அவனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுத் தட்டு வைப்பதை மனைவி நிறுத்தவே இல்லை என்று. அந்த வாரமே செக்யூரிட்டி அம்மாவைத் தேடிப் போயிருக்கிறார்.

“நானும் அப்படித்தான் வெச்சுக்கிட்டிருந்தேன் தம்பி, தட்ட. இன்னொருத்தியும் வெச்சாளாமே, அவ முகத்தப் பார்க்கணும்னுதான் வந்தேன்” என்றார் அந்த அம்மா.

சார் டீத் தட்டை நாற்காலியில் வைத்தார். “அப்படி யாரும் இல்லம்மா” என்றார்.

“ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்களே சார்” என்றாள் தையல்காரப் பெண்.

“ஊர்லயும் இல்ல. மனைவி, பையன், பொண்ணு யாரும் கிடையாது. எனக்குக் கல்யாணமே ஆகல.”

டம்ளரை எடுத்தவர்கள் குடிக்கவும் தெரியாமல் வைக்கவும் தெரியாமல் நின்றார்கள். செக்யூரிட்டியின் முகம் கறுத்துப் போயிற்று. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

“உண்மையா இருக்கணும்னு எங்ககிட்டதானே சார் சொன்னீங்க? யாரு அது, எந்த வீடுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டீங்க. நான் எங்கம்மாவப் பத்தி அத்தன பேர் முன்னால சொன்னேன்.”

அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். “அப்ப சோறு யாரு தம்பி ஆக்குறது?” என்று கேட்டார்.

“நான்தாம்மா.”

அவர்கள் போய்விட்டார்கள். தையல்காரப் பெண் பொட்டலத்தை வைக்க இடம் தேடியவள்போலக் கொஞ்சம் நின்றுவிட்டு, அதை மார்போடு அணைத்து எடுத்துப் போனாள். ஆறிப்போன டீயை நான் ஒவ்வொரு டம்ளராகக் கொட்டினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, அவர்கள் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் பயந்ததில் பாதிதான் நடந்தது. திங்கள்கிழமை எல்லாரும் வந்தார்கள், பரீட்சை இருந்ததே. ஆனால் வாக்கியம் கேட்டபோது ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். ‘பையனுக்குப் பந்து விளையாடப் பிடிக்கும்.’ நான் கையை விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கேள்வி வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பார்? “சரி. அடுத்தது” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எல்லாம் சரியாக இருந்தது. சிறுமி பாட விரும்பினாள். விவசாயி மழைக்காகக் காத்திருக்கச் சம்மதித்தார். மாமனாரின் குறட்டை என்ன ஆயிற்று, தம்பி கடை வைத்தானா, ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவியும் போய்விட்டாள், அந்தச் சோம்பேறிப் பையனும் போய்விட்டான். இருந்ததே இல்லை என்று முதல் நாளிலிருந்து தெரிந்த எனக்கே வீடு வெறிச்சென்று ஆனதுபோல இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? தங்கை சொன்னாள், “அக்கா, உங்க சார் இப்பல்லாம் ரொம்ப லேட்டாத்தான் வரார். வந்தா விளக்குகூடப் போடறதில்ல.”

செக்யூரிட்டி வகுப்புக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், நோட்டைத் திறக்க மாட்டார். அதை என் வகுப்புக்கு வருகிறபோதும் போகிறபோதும் நானே பார்த்தேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாலை, எந்த முன்னுரையும் இல்லாமல் அவர் பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. நீளமாக எழுதினார். பிறகு வாசித்தார், ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி. அதன் பொருள் இதுதான்: ஒரு ஆளுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார், வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார்.

என் பக்கம் தட்டிக்கொண்டிருந்தவர்களை நான் கையால் நிறுத்தினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து செக்யூரிட்டியின் குரல் வந்தது. “யாரு சார் அது? எந்த வீடு?”

சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

“நான்தான்ப்பா” என்றார் இங்-டூ சார்.

பெஞ்ச் ஒன்று நகர்ந்தது. ஒரு நோட்டு திறந்தது.

“அப்ப எழுதிக்கிறேன் சார்” என்றார் செக்யூரிட்டி.