மருந்து ஏற்றிய மரம்

மழை பெய்தால் நான் கொல்லைப் பக்கம் பார்ப்பதில்லை. அங்கே வேலியில் நிற்கிற ஆறு மரத்துண்டுகளும் வெயிலில் வெறும் சாம்பல் நிறந்தான். நனைந்தால் உள்ளிருந்து ஒரு பச்சை மெல்ல மேலே வரும். கொல்லிமலையில் மழைக்கும் மூடுபனிக்கும் பஞ்சமா என்ன? வருஷத்தில் பாதி நாள் அந்தப் பச்சை என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சமையல்கட்டுக்குப் பின்னால் என் மனைவியின் கீரைப் பாத்தி இருந்தது. சரிவான இடம். ஒவ்வொரு மழைக்கும் மண் வழிந்து ரோட்டுக்குப் போய்விடும். எங்கள் வளப்பூர் நாட்டு மலையூர்களில் எல்லோரும் செய்வதைப்போலக் கல் அடுக்கித் தரச் சொன்னாள். எனக்கோ செல்போனில் பார்த்த, மரச்சட்டம் போட்ட பாத்திமேல் ஆசை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். அதை வெகுநாள் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் பழைய மரம் விற்கும் பாய் கடைக்குப் போனேன். ஏதோ எஸ்டேட் வேலியிலிருந்து பிடுங்கி வந்த கம்பங்கள் கிடந்தன. எத்தனை வருஷம் மண்ணில் நின்றதோ, கரையான் தொட்ட தடமே இல்லை. வண்டியில் ஏற்றும்போது பாய் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்.

"கரையான் அரிக்காம பச்சை மருந்து ஏத்துன மரமுங்க. வேலிக்கு நட்டுக்குங்க. சாப்பிடற செடிக்குப் பக்கத்துல வேண்டாம். அடுப்புல மட்டும் வெச்சுறாதீங்க, சாம்பலெல்லாம் விஷம்."

தலையாட்டினேன். வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வீடு வந்து சேருவதற்குள் அந்தப் பேச்சைக் கீழேயே இறக்கிவிட்டிருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவள் கல்லே போதும் என்பாள், அவ்வளவுதான் காரணம்.

அளவெடுத்து அறுத்தேன். தூள் முகமெல்லாம் அப்பியது. பாத்தி எடுப்பாக இருந்தது, வருகிற போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மிஞ்சிய துண்டுகளை அவள் பொறுக்கி வெந்நீர் அடுப்புக்குக் கொண்டுபோனாள். எதையும் வீணாக்கத் தெரியாதவள். எங்கள் மலையில் அடுப்புச் சாம்பலையும் யாரும் கொட்டுவதில்லை. பூச்சி வராமலிருக்கக் கீரைமேல் தூவுவோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எரிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நாலு துண்டுதானே என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை அந்தச் சாம்பலைத் துணியில் சலித்து, பனி ஈரம் காய்வதற்குள் சிறுகீரைமேல் தூவினாள். அந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கீரையைத்தான் கடைந்து சாப்பிட்டோம்.

பிறகு ஒருநாள் துணி எடுக்க முள்ளுக்குறிச்சிக்குப் போனவள் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைத்ததும் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மரத்தப் பத்திக் கடைக்காரரு எதாச்சும் சொன்னாருங்களா?"

கரையான் ஏறாது என்றார், வேறென்ன சொல்வார் என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். சரிங்க என்று உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு கீரை தண்ணீர்த் தொட்டி ஓரத்து உடைந்த குடங்களுக்கும் பெயிண்ட் வாளிகளுக்கும் மாறியது. பாத்தியில் செவ்வந்தி வைத்தாள். நான் கஷ்டப்பட்டுப் பாத்தி கட்டிக் கொடுத்தால் நீ பூவைக் கடைந்து போடப்போகிறாயா என்று கேலி செய்தேன். சிரித்தாள். கேலியில் கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தாள். இதயக் குழாய் அடைப்பு என்றார் டாக்டர். விஷப் புகை, சாம்பல் எதனாலாவது இப்படி ஆகுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். வெயில் நாளில் அதை நம்புகிறேன்.

இந்த வருஷம் மகள் பிரசவத்துக்கு வந்தாள். அம்மா இல்லாத வீடாக இருந்தாலும் இங்கேதான் வருவேன் என்று வந்தவள். பாத்தியில் களை மண்டிக் கிடப்பதைப் பார்த்து, அம்மாவின் பாத்தியில் கீரை விதைக்கிறேன் என்றாள். வயிற்றுப் பிள்ளையோடு அவள் குனிந்து மண்ணைக் கிளறுவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். இது வேண்டாம் கண்ணு, மண் சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அப்போதும் மரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, தூள் பறக்காமல் மரத்தை நனைத்துவிட்டுப் பிரித்தேன். முதல் துண்டைச் சாய்த்தேன். உள்பக்கம் முழுக்கக் கெட்டியான பிளாஸ்டிக் தாள், இரண்டு மடிப்பாக வைத்துச் சிறு ஆணிகளால் அடித்திருந்தது. மேல் விளிம்பு வெளியே தெரியாமல் மண்ணுக்குள் மறைந்திருந்தது. ஆறு துண்டிலும் அப்படியே. நான் அடித்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தபிறகு வீட்டில் நானும் அவளும் மட்டுந்தான்.

அடுத்த பஸ்ஸில் கீழே போனேன். இந்த மரத்தை என்ன செய்வது என்று பாயிடம் கேட்டேன். எரிக்காதீர்கள், மறுபடி அறுக்காதீர்கள், கிணற்றுக்குத் தள்ளி வேலியில் நடுங்கள், ஒட்டியிருந்த மண்ணை அள்ளித் தனியே கொட்டுங்கள், அதில் தின்கிற எதையும் வைக்காதீர்கள் என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்மா அன்னிக்கே வந்து கேட்டாங்களே. உங்க ஊட்டுக்காரருகிட்ட அப்பவே எல்லாம் சொல்லித்தானே அனுப்புனேன்னு சொன்னேனுங்க. கெட்டியான பிளாஸ்டிக் தாள் மட்டும் வாங்கிட்டுப் போனாங்க."

பஸ் மலையேறும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறாள். நான் பொய் சொன்னதை நின்று பார்த்திருக்கிறாள். அதன்பிறகு இரண்டு வருஷம், மூன்று வேளையும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்தபடி அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு அம்மா காத்துட்டு இருந்திருப்பாங்கப்பா."